கேளுங்கள் டாக்டரை: மூளைக்குத் தெரியும் முன்பே கை ஏன் விலகுகிறது?

மூளை, தண்டுவடம் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன், நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துச் சிலதை மட்டும் எடுத்திருக்கிறேன். தொடங்கும் முன் ஒன்று: மூளையும் தண்டுவடமும் சேர்ந்ததுதான் மத்திய நரம்பு மண்டலம். மூளையிலிருந்து 12 ஜோடி, தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி என்று கிளம்பி உடம்பெங்கும் போகிற நரம்புகள் தனிக் கணக்கு. இது மனதில் இருந்தால் மற்றதெல்லாம் சுலபம்.

தோசைக்கல்லில் விரல் பட்டால் கையை இழுத்த பிறகுதான் சுடுவதே தெரிகிறது. எல்லாவற்றையும் மூளைதானே சொல்கிறது, அதற்குத் தெரியாமல் கை எப்படி நகரும்? எங்கள் டீச்சர் ‘அனிச்சைச் செயல்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.
– பத்தாம் வகுப்பு மாணவி, மணப்பாறை

நன்றாகக் கவனித்திருக்கிறாய், மகளே. அந்த நேரத்தில் கையை இழுக்கச் சொல்வது மூளை இல்லை, உன் கழுத்துப் பகுதியில் இருக்கும் தண்டுவடம். விரல் தோலில் சூட்டை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அங்கிருந்து கிளம்பும் செய்தி கை வழியாக ஏறித் தண்டுவடத்தின் பின்பக்கமாக நுழைகிறது. உள்ளே இடைநரம்பணு என்ற ஒரு சின்ன நரம்புச் செல் அதை வாங்கி, முன்பக்கம் இருக்கும் இயக்க நரம்பணுவிடம் கொடுக்க, அது கையை மடக்கும் தசைக்கு உத்தரவு அனுப்பிவிடுகிறது. அதே சமயம் கையை நீட்டும் தசையைத் தளரச் சொல்லி இன்னொரு செய்தியும் போகிறது. அது போகாவிட்டால் இரண்டு தசையும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கை அங்கேயே நின்றுவிடும். மூளைக்கும் தகவல் போகத்தான் செய்கிறது, ஆனால் அது மேலே போய்ச் சேர்ந்து ‘ஐயோ, சுடுது’ என்று உனக்குப் புரிவதற்குள் வேலை முடிந்திருக்கும். இதைத்தான் உங்கள் டீச்சர் அனிச்சைச் செயல் என்றார்.

இன்னொன்றையும் கவனித்துப் பார். முதலில் சுருக்கென்று ஒரு வலி, கொஞ்சம் விட்டு மெதுவாக ஏறுகிற காந்தல் ஒன்று. இரண்டும் வேறு வேறு இழைகளில் வருகின்றன. தசைக்கு உத்தரவு கொண்டுபோகிற தடித்த இழைகளுக்குக் கொழுப்பாலான உறை உண்டு, அவற்றில் செய்தி நொடிக்கு 100 மீட்டருக்கு மேல்கூட ஓடும். சுருக்கென்ற வலியைக் கொண்டுவருவது மெல்லிய உறை போர்த்திய இழை, அதன் வேகம் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர். காந்தலைக் கொண்டுவரும் இழைக்கு உறையே கிடையாது, நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் நகர்கிறது. விரலிலிருந்து கழுத்துக்கு முக்கால் மீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால், அந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று நீயே கணக்குப் போட்டுவிடலாம்.

அப்புறம், தண்டுவடம் சொன்னதே முடிவு என்றும் இல்லை. கொதிக்கிற பால் பாத்திரத்தைத் துணியில்லாமல் தூக்கிவிட்ட உன் அம்மா என்ன செய்கிறார்? பல்லைக் கடித்துக்கொண்டு மேடையில் வைத்துவிட்டு அப்புறம்தான் கையை உதறுகிறார். பக்கத்தில் குழந்தை நிற்கிறது, பாலைக் கொட்டக்கூடாது என்று மூளை மேலிருந்து தண்டுவடத்தை அடக்கி வைக்கிறது. கீழே அனிச்சையும் மேலே முடிவும் எந்நேரமும் சேர்ந்தே வேலை செய்கின்றன. எனக்கு இந்த மண்டலத்தில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

உன் வீட்டில் சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள் இருந்தால் இதைச் சொல்லு. பல வருடச் சர்க்கரையில் காலின் உணர்வு நரம்புகள் கெட்டுவிட்டால் செய்தி கிளம்பவே கிளம்பாது, மதிய வெயிலில் கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதம் முழுக்கக் கொப்புளமாக இருக்கும். தினமும் ராத்திரி பாதத்தை வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லு.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. ஸ்கேனில் மூளையின் இடது பக்கம் என்று போட்டிருக்கிறது, ஆனால் வரவில்லை என்பது வலது கையும் காலும். பேச்சும் போய்விட்டது, எதைக் கேட்டாலும் ‘ஆமா, ஆமா’ என்கிறார். ஆனால் சாயங்காலம் அம்மா விளக்கேற்றிச் சாமிப் பாட்டு பாடினால் கூடவே வார்த்தை வார்த்தையாகப் பாடுகிறார். உறவினர்கள் ‘வேண்டுமென்றே பேச மாட்டேன் என்கிறார்’ என்று சொல்வது எங்களுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது.
– ஒரு வாசகர், திருச்செங்கோடு

முதலில் உறவினர்களுக்கு. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. இதை அவர்களிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

மூளையிலிருந்து தசைகளுக்கு இறங்கும் இழைகளில் பத்துக்கு எட்டு ஒன்பது, பின்கழுத்துக்குச் சற்று மேலே முகுளம் என்ற இடத்தில் பக்கம் மாறிவிடுகின்றன. அதனால் இடது மூளை வலது கையை ஆள்கிறது, வலது மூளை இடது கையை. ஸ்கேனில் ஒன்றும் தவறில்லை. பேச்சைப் பொறுத்தவரை வலது கைப் பழக்கமுள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது இடது மூளையில்தான். 1861இல் பாரிஸில் பியேர் புரோக்கா என்ற அறுவை மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்தார். வருடக்கணக்கில் ‘டான்’ என்ற ஒரே அசையைத் தவிர வேறெதுவும் அவர் வாயில் வராது, ஆனால் கேட்பதைப் புரிந்துகொண்டு கையால் ஜாடை காட்டிப் பதில் சொல்வார். அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது இடது நெற்றிப் பக்கம் சிதைந்திருந்தது. அந்த மூளையை இன்னும் பாரிஸில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். உங்கள் அப்பாவின் ‘ஆமா’வும் ஏறக்குறைய அந்த ‘டான்’தான். சொல்ல நினைப்பது வேறாக இருக்கும், வாயில் வருவது அதுவாக இருக்கும்.

பாட்டு எப்படி வருகிறது என்றால், மெட்டோடு சேர்த்து வருடக்கணக்கில் பாடிப் பாடிப் பழகிய வரிகளுக்கு வலது மூளையின் உதவியும் இருக்கிறது, அந்தப் பக்கம் அவருக்கு அடிபடவில்லை. புதிதாக ஒரு வாக்கியம் கட்டுவது வேறு, ஊறிப்போன வரி தானாக வருவது வேறு. இதை வைத்தே மெட்டுப் போட்டுப் பேச்சைத் திரும்பக் கொண்டுவரும் பயிற்சி 1970களிலிருந்து இருக்கிறது. ‘தண்ணி வேணும்’ என்பதை இழுத்து, ராகம் போட்டு, அவருடைய இடது கையைத் தட்டிக்கொண்டே சேர்ந்து சொல்லுங்கள், அப்புறம் மெல்ல ராகத்தைக் குறையுங்கள். பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரை உடனே பார்ப்பது முக்கியம். முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அதற்குப் பிறகும் நிற்பதில்லை. இறந்த நரம்பணு திரும்பி வராது என்றாலும் பக்கத்தில் பிழைத்திருப்பவை வேலையைக் கற்றுக்கொள்கின்றன, அந்தக் கற்றல் பயிற்சியால்தான் நடக்கும். வலது கையையும் சும்மா மடியில் போட்டு வைக்காதீர்கள்.

ஒரு வேண்டுகோள். பேசவில்லை என்பதால் புரியவில்லை என்று நினைத்து அவர் எதிரிலேயே நிலம், பங்கு, ஆஸ்பத்திரிச் செலவு என்று பேசிவிடுகிறார்கள். புரிந்துகொள்ளும் சக்தி உங்கள் அப்பாவுக்கு நிறையவே இருக்கலாம்.

கடிதத்தின் கடைசியில், அன்று முதலில் ஒரு வீட்டுக்கு அழைத்துப் போய்ப் புறா ரத்தம் தேய்த்ததாகவும் மறுநாள்தான் ஆஸ்பத்திரி போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை, படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் நாம் இழுக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்குப் போகிறது. அதைச் சேர்த்து வைத்துக்கொள்ள மூளைக்கு இடமில்லை. பெரிய ரத்தக் குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து அடைப்பா, ரத்தக்கசிவா என்று பார்க்க வேண்டும், கசிவாக இருந்தால் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடும். பெரிய அடைப்பாக இருந்தால் குழாய் விட்டுக் கட்டியை வெளியே எடுக்கும் வசதியும் இப்போது சில இடங்களில் உண்டு. வாய் ஒரு பக்கம் கோணினாலோ, இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு 108ஐக் கூப்பிடுங்கள். புறா ரத்தம் தேய்த்துத் தோல் சூடாகலாம், அடைப்பு மண்டைக்குள்ளே இருக்கிறது.

மூளையில் 10 சதவீதத்தைத்தான் நாம் பயன்படுத்துகிறோமாமே, மீதியைத் திறக்க ஒரு பயிற்சி வகுப்பில் என் மகனைச் சேர்க்கலாமா?
– ஒரு வாசகர், ஆவடி

சேர்க்க வேண்டாம். மீதி 90 சதவீதம் சும்மா கிடந்தால் அங்கே அடிபடும்போது ஒன்றும் ஆகக்கூடாது, ஆனால் நெல்லிக்காய் அளவு இடம் கெட்டாலும் பேச்சோ பார்வையோ நடையோ போய்விடுகிறது. மேலே சொன்ன அப்பாவின் கதையே போதும். நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள், அதில் முக்கால் பங்குக்கு மேல் பின்பக்கம் கையடக்கமாக இருக்கும் சிறுமூளையில் அடைந்து கிடக்கின்றன. உறங்கும்போதுகூட எந்த மூலையும் அணைந்து போவதில்லை. அந்தப் பணத்தில் பையனை நீச்சலுக்கு அனுப்புங்கள், ராத்திரி பத்து மணிக்குப் போனை வாங்கி வைத்துவிட்டுத் தூங்க விடுங்கள். படித்தது தங்குவதற்குத் தூக்கம் வேண்டும்.

சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதிலிருந்து இடுப்பு வலி. தண்டுவடத்தில் ஊசி குத்தியதால் நரம்பு கெட்டிருக்குமா? அடுத்த பிரசவத்துக்கு அந்த ஊசியே வேண்டாம் என்று இருக்கிறேன்.
– ஒரு வாசகி, பட்டுக்கோட்டை

அம்மா, அந்த ஊசி தண்டுவடத்தில் போடப்படுவதே இல்லை. முதுகெலும்பு கழுத்திலிருந்து இடுப்பின் அடி வரை வந்தாலும் உள்ளே இருக்கும் தண்டுவடம் அவ்வளவு நீளம் கிடையாது, பெரியவர்களுக்குச் சுமார் 45 சென்டிமீட்டர், சுண்டுவிரல் கனம். பிறந்த குழந்தைக்கு அது இன்னும் கொஞ்சம் கீழே வரை இருக்கும், எலும்பு வேகமாக வளர்ந்துவிடுவதால் வளர வளரத் தண்டுவடத்தின் நுனி மேலேயே தங்கிவிடுகிறது. முதல், இரண்டாம் இடுப்பெலும்புக்கு நடுவில் முடிந்துபோகும். அதற்குக் கீழே நரம்பு வேர்கள் மட்டும் ஒரு கொத்தாகத் திரவத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். மயக்க டாக்டர் உங்கள் முதுகை வளைத்து உட்காரச் சொல்லி, இடுப்பெலும்பின் மேட்டைத் தொட்டு விரலால் எண்ணிப் பார்த்தாரே, அது இந்த இடத்தைக் கண்டுபிடிக்கத்தான். மூன்றாவது, நான்காவது எலும்புக்கு நடுவில் நுழைகிற ஊசி அந்தத் திரவத்துக்குள் போய் மருந்தை விட்டுவிட்டு வந்துவிடும், வேர்கள் திரவத்தில் மிதப்பதால் பொதுவாக விலகிக்கொள்ளும்.

அந்தத் திரவம் மொத்தமே சுமார் 150 மில்லிதான் எந்த நேரத்திலும் உள்ளே இருக்கும், ஆனால் நாளுக்கு 500 மில்லி போல ஊறி, பழையது ரத்தத்துக்குள் வடிந்துகொண்டே இருக்கிறது. மூளை ஒன்றேகால் கிலோவுக்கு மேல் எடையிருந்தும் மண்டை ஓட்டின் அடியில் நசுங்காமல் இருப்பது இந்தத் திரவத்தில் மிதப்பதால்தான். ஊசி போட்ட துளை வழியாக அது கொஞ்சம் கசிந்தால் உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் சரியாகும். அது உண்மையிலேயே இந்த ஊசியால் வரக்கூடியது, பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். இப்போது மெல்லிய ஊசி பயன்படுத்துவதால் முன்பைவிடக் குறைவு.

வருடக்கணக்கான இடுப்பு வலிக்கு ஊசியைக் காரணம் சொல்ல முடியாது. ஊசியே போடாமல் சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் இதே வலி வருகிறது. கர்ப்பத்தில் மூட்டுப் பிணைப்புகள் தளர்கின்றன, வயிற்றுத் தசை வலுவிழக்கிறது, அப்புறம் மாதக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து பால் கொடுப்பதும் பிள்ளையை ஒரே இடுப்பில் தூக்கிக்கொண்டு குடம் எடுப்பதும். இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை, ஊசியைத்தான் கேட்கிறார்கள். வயிறு, முதுகுத் தசைகளுக்குப் பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சியைச் செய்யுங்கள். அடுத்த பிரசவத்தில் ஊசிக்குப் பயப்பட வேண்டாம். கால் பலவீனமாவது, தொடை இடுக்கில் மரத்துப் போவது, சிறுநீர் வராமல் அடைப்பது, இவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் அன்றைக்கே ஆஸ்பத்திரி போங்கள்.

வயது 21. டீ கிளாஸைத் தூக்கினால் கை நடுங்குகிறது. சுய இன்பப் பழக்கத்தால் நரம்புத் தளர்ச்சி வந்துவிட்டது என்று லாட்ஜில் வந்து பார்க்கும் ஒரு வைத்தியர் சொல்லி மருந்து கொடுத்தார். வெளியே சொல்ல முடியவில்லை.
– பெயர் வேண்டாம், சிவகாசி

தம்பி, முதலில் நிம்மதியாக மூச்சு விடு. அந்தப் பழக்கத்துக்கும் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் எந்தக் கெடுதல் தொடர்பும் இல்லை. இந்தப் பயத்தை விற்றுப் பிழைப்பவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. உன் வயதுப் பையன்கள் வருடக்கணக்கில் தூங்காமல் குற்ற உணர்ச்சியில் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். என்னவென்று தெரியாத அந்த மருந்தை நிறுத்திவிடு.

நடுக்கத்துக்குக் காரணங்கள் வேறு. தைராய்டு அதிகமாகச் சுரப்பது, பதற்றம், தூக்கமின்மை, நாலைந்து காபி, ஆஸ்துமாவுக்கு எடுக்கும் மருந்து, இதையெல்லாம் முதலில் பார்க்க வேண்டும். அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ இப்படி இருந்ததா என்று விசாரி, ஏனென்றால் குடும்பத்தில் தொடர்ந்து வரும் நடுக்கம் ஒன்று உண்டு, ஒரு வேலை செய்யும்போது தெரியும், ஆபத்தில்லை, மாத்திரையில் கட்டுப்படும். பார்க்கின்சன் நோயின் நடுக்கம் இதற்கு நேர் எதிர். கை மடியில் சும்மா இருக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரசி உருண்டுகொண்டிருக்கும், எதையாவது எடுக்கப் போனால் குறையும், வருவதும் பெரும்பாலும் 60 வயதை ஒட்டி. உனக்கு அது இல்லை என்றே நீ எழுதியதிலிருந்து தோன்றுகிறது, ஆனாலும் அரசு மருத்துவமனையில் ஒரு பொதுமருத்துவரைப் பார்த்துத் தைராய்டு பரிசோதனை செய்துகொள். சுத்த சைவம் என்றால் பி12 அளவையும் பார்க்கச் சொல், அது மிகக் குறைந்தால் தண்டுவடமே பாதிக்கப்பட்டுக் கால் மரத்து நடை தடுமாறும், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சரி செய்துவிடலாம்.

வலிப்பு வந்தால் சாவிக்கொத்து கொடுப்பது சரியா?
– ஒரு வாசகி, பண்ருட்டி

வலிப்பு என்பது மூளையின் நரம்பணுக்கள் கட்டுப்பாடில்லாமல் ஒரே நேரத்தில் மின்செய்தி அனுப்புவது. பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக அடங்கிவிடும், சாவியைத் தேடி எடுத்துக் கையில் திணிப்பதற்கும் அந்த நேரம்தான் ஆகிறது, அதனால் சாவியால் நின்றதாகத் தோன்றுகிறது. இரும்புக்கு இதில் வேலையில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் துணி வைத்து, கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதுவும் வைக்கக்கூடாது, கை காலை அழுத்திப் பிடிக்கவும் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தாலோ 108. முதல் முறை வருகிறது என்றால் நின்றுவிட்டாலும் டாக்டரைப் பார்த்தாக வேண்டும்.

பைக்கில் விழுந்த ஒருவரை நான்கு பேர் கை காலைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினோம். இப்போது அவருக்கு இடுப்புக்குக் கீழ் உணர்வே இல்லையாம். நாங்கள் தூக்கியதால்தானா? அவர் இனி எப்படி வாழ்வார்?
– கல்லூரி மாணவர், பெருந்துறை

உங்களால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது தம்பி, விழுந்த அடியிலேயே போயிருக்கலாம். பார்த்துவிட்டு நகர்ந்து போகாமல் நின்றீர்களே, அது பெரிது. ஆனால் எப்படித் தூக்க வேண்டும் என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாய்க்கால் எந்த இடத்தில் உடைகிறதோ அதற்குக் கீழே உள்ள வயலுக்குத்தான் தண்ணீர் நிற்கும், தண்டுவடமும் அப்படித்தான். நடுமுதுகில் அறுந்தால் காலும் சிறுநீர், மலக் கட்டுப்பாடும் போகும், கழுத்தின் கீழ்ப்பகுதியில் என்றால் கையும் சேர்ந்து போகும், கழுத்தின் மேல்பகுதி என்றால் மூச்சே நின்றுவிடும், ஏனென்றால் மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானத்துக்கு உத்தரவு போகும் நரம்பு அங்கிருந்துதான் கிளம்புகிறது. பல விபத்துகளில் எலும்பு முறிந்திருந்தாலும் உள்ளே தண்டுவடம் தப்பித்திருக்கும். அந்த நேரத்தில் ஒருவர் தோளையும் ஒருவர் காலையும் பிடித்து நடு உடம்பு தொய்கிற மாதிரி தூக்கினால் முறிந்த எலும்பு உள்ளே அழுத்திவிடும். கையில் அறுந்த நரம்பைத் தைத்தால் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் போலத் திரும்ப வளரும். தண்டுவடத்துக்குள் அப்படி வளர்வதில்லை, அடிபட்ட இடத்தில் உண்டாகும் தழும்பும் சுற்றியிருக்கும் உறைப் பொருளும் வளர்ச்சியைத் தடுத்துவிடுகின்றன.

ஆகவே நெருப்போ, வண்டி மோதும் ஆபத்தோ இருந்தாலொழிய நகர்த்தாதீர்கள். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும், மற்றவர் 108க்குப் பேசட்டும். மூச்சுக்குத் தடையில்லை என்றால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். வாந்தி எடுத்தால் தலை, தோள், இடுப்பு மூன்றையும் ஒரே நேரத்தில் சேர்த்து ஒரு பக்கம் திருப்புங்கள். தூக்கியே ஆக வேண்டும் என்றால் பலகையோ கதவோ எதுவானாலும் தட்டையாக ஒன்று வேண்டும். போலீஸ், கேஸ் என்று பயப்படவும் வேண்டாம், 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் நல்ல எண்ணத்தில் உதவுபவருக்குப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறது.

அவர் எப்படி வாழ்வார் என்று கேட்டிருக்கிறீர்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இளம் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ் 1954இல் நடந்த விபத்தில் தண்டுவடம் அடிபட்டுக் காலை இழந்தார், அதன் பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அப்புறம் நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார், 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டதற்கு அவர்தான் காரணம். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் இருக்கும் அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர்.

அந்த அண்ணனின் வீட்டில் இதைச் சொல்லுங்கள்: படுக்கையில் இருக்கும்வரை இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், உணர்வில்லாத இடத்தில் வரும் படுக்கைப் புண்தான் இவர்களுக்கு முதல் எதிரி. சிறுநீரை நேரத்துக்கு வெளியேற்றும் முறையை நர்ஸிடம் கற்றுக்கொள்ள வேண்டும், தேக்கி வைத்தால் சிறுநீரகம் கெடும். ‘ஒரு வருடம் பார்க்கலாம்’ என்று வீட்டிலேயே படுக்க வைத்துவிடாமல் எலும்பு டாக்டர் அனுமதித்ததும் மறுவாழ்வு மையத்துக்கு அழைத்துப் போங்கள், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதில் ஆரம்பித்து எல்லாவற்றையும் அங்கேதான் சொல்லிக்கொடுப்பார்கள்.